‘பீம் பாய்’ பிரவீன் குமார்: ஆசியாவை இரண்டு முறை ஜெயித்த வட்டு எறிதல் வீரர்... நமக்குத் தெரியாத முதல் பாதி!

‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் மதனகோபாலாக வரும் கமல்ஹாசனுக்குப் பின்னால் கதவை அடைத்த மாதிரி ஒருவர் நிற்பாரே, ஞாபகம் இருக்கிறதா? ‘பீம் பாய்’ என்று கூப்பிட்டதும் வந்து நிற்கும் அந்த மெய்க்காப்பாளரை மறந்திருக்கவே முடியாது. 35 வருடங்கள் கழித்தும் மீம்ஸில் வாழ்ந்துகொண்டிருக்கிறார். தூர்தர்ஷன் மகாபாரதத்தில் கதாயுதத்தோடு வந்த பீமனும் அவரேதான்.

அவர் பெயர் பிரவீன் குமார் சோப்தி. சினிமாவுக்கு வருவதற்கு முன்பு அவர் வாழ்ந்த வாழ்க்கை நம்மில் பலருக்கும் தெரியாது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2 தங்கம், 1 வெள்ளி, 1 வெண்கலம். காமன்வெல்த் போட்டியில் ஒரு வெள்ளி. 2 ஒலிம்பிக். அர்ஜுனா விருது. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் கேமரா முன்னால் வந்து நின்றார்.

பீமனாக நடித்தவரை நாடே நினைவு வைத்திருக்கிறது. நிஜ வாழ்க்கையில் பீமனாக இருந்தவரை? கடைசிக் காலத்தில் ஒரு ஓய்வூதியத்துக்காக அவர் வெளிப்படையாகப் பேச வேண்டிய நிலை வந்தது. என்னதான் நடந்தது? முழுக் கதையையும் பார்க்கலாம்.

ஒரே பார்வையில் பிரவீன் குமார்

• பிறப்பு: 6 டிசம்பர் 1947, சர்ஹாலி கலான், பஞ்சாப்

• 1966 காமன்வெல்த் (கிங்ஸ்டன்): சங்கிலி குண்டு எறிதலில் வெள்ளி

• 1966 ஆசியப் போட்டி (பாங்காக்): வட்டு எறிதலில் தங்கம், சங்கிலி குண்டு எறிதலில் வெண்கலம்

• 1967: அர்ஜுனா விருது

• 1968 மெக்சிகோ ஒலிம்பிக்: சங்கிலி குண்டு எறிதலில் 20-வது இடம்

• 1970 ஆசியப் போட்டி (பாங்காக்): வட்டு எறிதலில் மீண்டும் தங்கம்

• 1972 மியூனிக் ஒலிம்பிக்: வட்டு எறிதலில் 26-வது இடம்

• 1974 ஆசியப் போட்டி (டெஹ்ரான்): வட்டு எறிதலில் வெள்ளி

• மறைவு: 7 பிப்ரவரி 2022, டெல்லி

பிரிவினை நேரத்தில் பிறந்த பையன்

1947 ஆகஸ்டில் நாடு சுதந்திரம் அடைந்தது. அதே வேகத்தில் பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊர் ஊராக ஜனங்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. சுதந்திரம் கிடைத்து நாலு மாதம்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 6-ம் தேதி சர்ஹாலி கலான் கிராமத்தில் பிரவீன் பிறந்தார். அன்றைக்கு அது அமிர்தசரஸ் மாவட்டம். இப்போது தரன் தாரன் மாவட்டத்தில் இருக்கிறது.

பஞ்சாப் கிராமங்களில் உடம்பு வலுவுக்குத் தனி மரியாதை உண்டு. மல்யுத்தம், கபடி, குண்டு தூக்குவது என்று பையன்கள் வளர்வார்கள். அப்புறம் ராணுவம், போலீஸ் என்று வேலைக்குப் போவார்கள். அங்கே மைதானம் இருக்கும், சாப்பாடு இருக்கும், பயிற்சிக்கு நேரமும் கிடைக்கும். அந்தக் காலத்து இந்தியத் தடகளம் பெரும்பாலும் இந்தச் சீருடைத் துறைகளை நம்பித்தான் நடந்தது.

எறிதல் போட்டிகளில் இந்தியா அப்போது ஆசியாவில் சாதாரண அணி கிடையாது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் வட்டு எறிதல் தங்கம் மக்கன் சிங்குக்கு. 1954 மணிலாவில் குண்டு, வட்டு இரண்டிலும் தங்கம் பர்துமன் சிங்குக்கு. 1958 டோக்கியோவில் வட்டு எறிதல் தங்கம் பல்கார் சிங்குக்கு. பிரவீன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், வட்டு என்றாலே ஆசியாவில் இந்தியாதான் என்ற நிலை இருந்தது.

அந்த வரிசையில் வந்து நின்றவர்தான் பிரவீன். ஆறரை அடி உயரம். அதற்கேற்ற தோள், அதற்கேற்ற கை.

வட்டு வேற, சங்கிலி குண்டு வேற!

பிரவீனின் சாதனை எவ்வளவு பெரியது என்று புரிய, இந்த இரண்டு விளையாட்டையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் பார்த்திருப்போம். ஆனால் பெரியவர்கள் போட்டியில் கணக்கே வேறு.

ஆண்களுக்கான வட்டு 2 கிலோ. கடையில் வாங்கும் ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட் இரண்டைச் சேர்த்துக் கையில் பிடித்தால் எவ்வளவு கனமோ, அவ்வளவு. 2.5 மீட்டர் விட்டம் உள்ள வட்டத்துக்குள் நின்று, ஒன்றரைச் சுற்று சுற்றி விட்டெறிய வேண்டும். வட்டத்தை விட்டு முன்னால் கால் வெளியே போனால் அந்த எறிதல் செல்லாது.

வட்டு காற்றில் மிதந்து போகும் பொருள். அதனால் எதிர்க்காற்று லேசாக அடித்தால் இன்னும் தூரமாகப் போகும் என்பதுதான் இதில் உள்ள ஆச்சரியம். வெறும் பலத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கோணத்தில் விடுகிறோம், விரல் கடைசியாக எப்படி விடுகிறது என்பதில்தான் தூரம் இருக்கிறது.

சங்கிலி குண்டு அதற்கு நேர் எதிர். நம்ம ஊர் விளையாட்டு விழாக்களில் சங்கிலி குண்டு என்று சொல்லும் இதைச் சுத்தி எறிதல், சம்மட்டி எறிதல் என்றும் எழுதுவார்கள். எடை 7.26 கிலோ. வீட்டில் இருக்கும் காலி கேஸ் சிலிண்டரின் எடையில் ஏறக்குறைய பாதி. கம்பியின் முனையில் குண்டு, மறுமுனையில் கைப்பிடி. 2.135 மீட்டர் விட்டமே உள்ள சின்ன வட்டத்துக்குள் மூன்று, நான்கு முறை சுழன்று விட வேண்டும். சுற்றச் சுற்ற குண்டு ஆளையே வெளியே இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்கிக்கொண்டு சமநிலை தவறாமல் சுழல்வதுதான் இதில் வித்தை.

ஒன்று மிதக்க விடுகிற கலை, இன்னொன்று இழுப்பைக் கட்டுப்படுத்துகிற கலை. இரண்டுக்கும் தனித்தனிப் பயிற்சி, தனித்தனிக் கால்வைப்பு. உலக அளவில் பெரும்பாலானவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நின்றுவிடுவார்கள். பிரவீன் இரண்டிலும் சர்வதேசப் பதக்கம் வாங்கினார். ஒலிம்பிக்கிலும் ஒருமுறை இதற்கு, ஒருமுறை அதற்கு என்று போய்வந்தார்.

18 வயசுல காமன்வெல்த் வெள்ளி

1966 ஆகஸ்ட். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் காமன்வெல்த் போட்டி. பிரவீனுக்கு அப்போது வயது 18.

சங்கிலி குண்டு எறிதலில் பொதுவாக அனுபவம்தான் பேசும். அன்றைக்குத் தங்கம் வென்ற இங்கிலாந்தின் ஹோவர்ட் பெய்ன் அப்போது 35 வயதுக்காரர். 1962, 1966, 1970 என மூன்று காமன்வெல்த்திலும் தங்கம் அவருக்குத்தான். அவர் எறிந்த தூரம் 61.98 மீட்டர். தன் வயதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வயதுள்ள அந்த ஆளைவிட 2 மீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தில், 60.12 மீட்டர் எறிந்து வெள்ளி வாங்கினார் பிரவீன்.

60 மீட்டர் என்றால் எவ்வளவு? கிரிக்கெட் மைதானத்தில் நடு ஆடுகளத்தில் இருந்து பவுண்டரிக் கயிறு வரைக்கும் ஏறக்குறைய அந்த அளவு இருக்கும். அரை சிலிண்டர் எடையை அங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும். அவ்ளோதான்!

இந்தப் பதக்கத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. காமன்வெல்த் தடகளத்தில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் 1958 கார்டிஃபில் மில்கா சிங் வென்ற தங்கம். 1962 போட்டியில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. அடுத்து 1966-ல் பதக்கம் வாங்கியவர் பிரவீன். அதாவது மில்கா சிங்குக்கு அடுத்து காமன்வெல்த் தடகளத்தில் பதக்க மேடை ஏறிய இந்தியர் இவர்தான். மில்கா சிங் பெயர் பாடப் புத்தகம் வரைக்கும் போயிருக்கிறது, படமாகவும் வந்திருக்கிறது. இரண்டாவதாக ஏறியவர் பெயரை விளையாட்டு ரசிகர்களிடம் கேட்டாலே யோசிப்பார்கள்.

பாங்காக்: நாலே மாதத்தில் தங்கம்

அதே வருடம் டிசம்பர் 9-ம் தேதி தாய்லாந்து தலைநகர் பாங்காக்கில் 5-வது ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியது. அதற்கு மூன்று நாளைக்கு முன்புதான் பிரவீனுக்கு 19 வயது நிறைந்திருந்தது.

வட்டு எறிதலில் தங்கம். சங்கிலி குண்டு எறிதலில் வெண்கலம். ஒரே போட்டியில் இரண்டு பதக்கம்.

அந்தப் போட்டியில் இந்தியா வென்றது மொத்தம் 7 தங்கம். 400 மீட்டரில் அஜ்மீர் சிங், 800 மீட்டரில் பருவா, குண்டு எறிதலில் ஜோகிந்தர் சிங், குத்துச்சண்டையில் ஹவா சிங் என்று பட்டியல் போகும். ஹாக்கியில் ஆசியப் போட்டித் தங்கம் இந்தியாவுக்கு முதல் முறையாகக் கிடைத்ததும் அப்போதுதான். உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றவர் பெயர் என்ன தெரியுமா? பீம் சிங்! பின்னாளில் பீமனாகப் போகிறவர் அதே அணியில் வட்டு எறிந்துகொண்டிருந்தார்.

அடுத்த வருடம், 1967-ல், மத்திய அரசின் அர்ஜுனா விருது பிரவீனுக்கு அறிவிக்கப்பட்டது. வயது 20-ஐத் தொடும்போதே நாட்டின் உயரிய விளையாட்டு விருதுகளில் ஒன்று கைக்கு வந்துவிட்டது.

வேலையும் கிடைத்தது. 1965 போருக்குப் பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்ட எல்லைப் பாதுகாப்புப் படை, அதாவது பி.எஸ்.எஃப்., நல்ல விளையாட்டு வீரர்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தது. பிரவீன் அதில் சேர்ந்து துணை கமாண்டன்ட் பதவி வரைக்கும் உயர்ந்தார். இந்த வேலையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் திரும்ப வரும்.

ஒலிம்பிக்கில் ஏன் ஜொலிக்க முடியல?

1968 மெக்சிகோ ஒலிம்பிக். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம். நம்ம கொடைக்கானலைவிட உயரம். காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் ஓட்டத்திலும் தாண்டுதலிலும் உலக சாதனைகள் உடைந்து விழுந்த ஒலிம்பிக் அது. வட்டு எறிதலில் அமெரிக்காவின் அல் ஓர்ட்டர் தொடர்ந்து நாலாவது தங்கம் வென்று உலகத்தையே வாய் பிளக்க வைத்ததும் அங்கேதான்.

பிரவீன் இறங்கியது சங்கிலி குண்டு எறிதலில். தகுதிச் சுற்றைத் தாண்ட முடியவில்லை. 20-வது இடம். அந்தப் போட்டியில் ஹங்கேரியின் கியூலா சிவோட்ஸ்கி 73.36 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். 8 சென்டிமீட்டர் குறைவாக எறிந்த சோவியத் வீரர் ரொமுவால்ட் கிளிமுக்கு வெள்ளி.

காமன்வெல்த்தில் 60 மீட்டருக்கு வெள்ளி கிடைத்தது. ஒலிம்பிக்கில் தங்கத்துக்கு 73 மீட்டர் வேண்டியிருந்தது. இந்த 13 மீட்டர் இடைவெளி ஒரு ஆளின் குறை என்று சொல்லிவிட முடியாது. சோவியத் யூனியன், ஹங்கேரி, கிழக்கு ஜெர்மனி மாதிரி நாடுகளில் அப்போது எறிதல் போட்டிக்கென்று தனிப் பயிற்சியாளர்கள், விளையாட்டு அறிவியல், எடைப் பயிற்சிக் கூடம், வருடம் முழுக்கப் போட்டிகள் என்று எல்லாமே அரசு செலவில் இருந்தன. நம் வீரர்கள் பணியில் இருந்துகொண்டே பயிற்சி எடுத்து, நாலு வருடத்துக்கு ஒருமுறை அந்த ஆட்களோடு போய் மோதினார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. உடல் வலுவைக் கூட்டும் ஸ்டீராய்டு மருந்துகளைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒலிம்பிக்கில் 1976 மாண்ட்ரியலில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்தில் வலுவை நம்பி நடக்கும் போட்டிகளில் யார் எதை எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்க வழியே இல்லை. 1960-களின் எறிதல் தூரங்களை ஒப்பிடும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பிரவீன் வட்டு எறிதலுக்கு மாறினார். அங்கே 26-வது இடம். செக்கோஸ்லோவாக்கியாவின் லுட்விக் டானெக் 64.40 மீட்டர் எறிந்து தங்கம் வென்ற போட்டி அது.

அதே பாங்காக், அதே தங்கம்

இரண்டு ஒலிம்பிக்குக்கும் நடுவில் பிரவீனின் இன்னொரு உச்சம் இருக்கிறது. 1970 ஆசியப் போட்டி தென் கொரியாவின் சியோலில் நடக்க வேண்டியது. சியோல் பின்வாங்கியதால் மறுபடியும் பாங்காக்கே நடத்தியது. வட்டு எறிதலில் மறுபடியும் பிரவீனுக்கே தங்கம். தொடர்ந்து இரண்டு ஆசியப் போட்டி, ஒரே ஊர், ஒரே பதக்கம்.

அந்த வருடம் இந்தியாவுக்குக் கிடைத்தது வெறும் 6 தங்கம். அதில் 4 தடகளத்தில் வந்தவை. குண்டு எறிதலில் ஜோகிந்தர் சிங், வட்டு எறிதலில் பிரவீன் குமார், மும்முறைத் தாண்டுதலில் மொகிந்தர் சிங் கில், பெண்கள் 400 மீட்டரில் கமல்ஜீத் சந்து. ஆசியப் போட்டியில் தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் கமல்ஜீத்தான். 1966-லும் 1970-லும் குண்டுக்கு ஜோகிந்தர், வட்டுக்கு பிரவீன் என்று இரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி தங்கம் கொண்டுவந்தார்கள்.

1974-ல் டெஹ்ரான். சொந்த மண்ணில் இறங்கிய ஈரான் வீரர் ஜலால் கெஷ்மிரி தங்கத்தைத் தட்டிச் செல்ல, பிரவீனுக்கு வெள்ளி. ஆசியப் போட்டியில் அவருடைய கடைசிப் பதக்கம் அது.

இப்போது ஒரு தகவல். 1951 முதல் 1970 வரை நடந்த 6 ஆசியப் போட்டிகளில் ஆண்கள் வட்டு எறிதல் தங்கம் 5 முறை இந்தியாவுக்கு வந்தது. அதில் 2 பிரவீன் வென்றவை. அதற்குப் பிறகு? 2023 ஹாங்சோ போட்டி வரைக்கும் ஒரு இந்திய ஆண்கூட அந்தத் தங்கத்தைத் தொடவில்லை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் தங்கம் வென்ற விகாஸ் கவுடாவுக்கும் அதே ஆண்டு ஆசியப் போட்டியில் வெள்ளிதான் கிடைத்தது. பெண்களில் சீமா புனியா 2014-ல் வட்டு எறிதல் தங்கம் வென்றார். ஆண்களில் 50 வருடங்களுக்கு மேலாகியும் கடைசிப் பெயர் பிரவீன் குமார் சோப்திதான்.

மைதானத்தில் இருந்து கேமரா முன்னாடி

1970-களின் பிற்பாதியில் மைதான வாழ்க்கை முடிவுக்கு வந்தது. அன்றைக்கு ஓய்வுபெற்ற தடகள வீரருக்கு விளம்பர ஒப்பந்தமோ, டிவியில் வர்ணனையாளர் வேலையோ, அகாடமியோ எதுவும் கிடையாது. பதக்கம் அலமாரியில் இருக்கும். ஆள் அலுவலகத்தில் இருப்பார்.

பிரவீனுக்கு ஒரே ஒரு கதவு திறந்தது. அவருடைய உருவம்! 1980-களின் தொடக்கத்தில் ஹிந்தி சினிமா அவரைக் கூப்பிட்டது. வில்லனின் அடியாள், பேசாமல் வந்து ஹீரோவைத் தூக்கி அடிக்கும் ராட்சசன் மாதிரியான வேடங்கள். 1988-ல் வந்த ‘ஷாஹென்ஷா’வில் அமிதாப் பச்சனோடு மோதும் முக்தார் சிங்காக வந்து கவனம் ஈர்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் பி.ஆர்.சோப்ராவின் தயாரிப்பில் மகாபாரதம் தொடருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பீமனுக்குப் பொருத்தமான உடம்பு கிடைப்பது லேசான வேலையா? பிரவீனைப் பார்த்ததும் தேடல் முடிந்தது.

கொடைக்கானல் டவரும் ஞாயிற்றுக்கிழமை பீமனும்

1988 அக்டோபர் 2-ம் தேதி மகாபாரதம் ஒளிபரப்பு தொடங்கியது. 1990 ஜூன் 24 வரைக்கும் 94 எபிசோடுகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

இப்போது மாதிரி கேபிள், டிஷ் எதுவும் இல்லாத காலம். திண்டுக்கல் நகரத்திலும் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களிலும் படம் தெரிய வேண்டும் என்றால் கொடைக்கானல் மலையில் இருந்த தூர்தர்ஷன் கோபுரத்தைத்தான் நம்ப வேண்டும். வீட்டு மொட்டை மாடிகளில் ஆன்டெனா எல்லாம் மலையைப் பார்த்தே திரும்பி நிற்கும். காற்றடித்து ஆன்டெனா திரும்பிவிட்டால் ஒருவர் மாடியில் நின்று திருப்ப, கீழே இருந்து ஒருவர் “இப்போ தெரியுது, விடு விடு” என்று கத்த வேண்டும். தெருவுக்கு ஒன்றிரண்டு டிவி. அந்த வீட்டில் ஊரே கூடும்.

தொடர் ஹிந்தியில். நம்ம ஜனங்களில் பெரும்பாலானவர்களுக்கு மொழி புரியாது. ஆனால் கதை புரியும். தெருக்கூத்திலும் கோயில் பிரசங்கத்திலும் கேட்டு வளர்ந்த கதையாச்சே! அதனாலேயே வசனம் பேசுகிறவர்களைவிட, பார்த்ததுமே இவர் யார் என்று தெரிகிற பாத்திரங்கள் சீக்கிரம் மனதில் ஒட்டிக்கொண்டன. அதில் முதல் இடம் பீமனுக்கு. சின்னப் பிள்ளைகள் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு கதாயுதம் என்று சுற்றிய காலம்.

கதாயுதத்தைச் சுழற்றுவதில் ஒரு உடல்மொழி இருக்கிறது. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளைக் கடைசியாக விடுவது. வட்டும் சங்கிலி குண்டும் எறிந்து பழகிய உடம்புக்கு அது தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய விஷயமாக இருந்திருக்காது.

தீபாவளிக்கு வந்த பீம் பாய்

1990 ஜூனில் மகாபாரதம் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 17, தீபாவளி நாளில் ‘மைக்கேல் மதன காமராஜன்’ வெளியானது. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கமலுக்கு நான்கு வேடம், கிரேஸி மோகன் வசனம். பீமன் முகம் தமிழ்நாட்டில் எல்லார் மனதிலும் பச்சையாக இருந்த நேரம். அவரையே கூட்டிவந்து பாத்திரத்துக்கும் பீம் என்றே பெயர் வைத்தார்கள். தியேட்டரில் ஆள் வந்து நின்றதுமே சிரிப்பு கிளம்பியதற்கு அதுதான் காரணம்.

இன்றைக்கும் மீம்ஸில் ஓடுவது நாகேஷ் நடித்த அவினாசி பாத்திரத்தோடு சேர்ந்த பீம் பாய் வசனம். லாக்கரில் இருக்கும் பணத்தை எடுத்து அவினாசி முகத்தில் விட்டெறிவது பற்றிய வசனம். கேட்டுச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவர் விட்டெறிவதையே தொழிலாக வைத்திருந்தவர், அதற்காக நாட்டுக்கு ஐந்து சர்வதேசப் பதக்கம் கொண்டுவந்தவர் என்று?

அரசியல், ஓய்வூதியம், கடைசி நாட்கள்

2013-ல் பிரவீன் அரசியலுக்கு வந்தார். ஆம் ஆத்மி சார்பில் டெல்லி வஜீர்பூர் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார். அடுத்த ஆண்டு பா.ஜ.க.வில் சேர்ந்தார். அரசியல் பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் மகாபாரதத்தை மறு ஒளிபரப்பு செய்தது. புதிய தலைமுறையும் பீமனைப் பார்த்தது. சமூக வலைதளங்களில் படங்கள் பறந்தன. அந்தப் பீமன் அப்போது 72 வயதில், உடல்நலம் குன்றி, டெல்லி அசோக் விஹாரில் வீட்டோடு இருந்தார்.

2021 இறுதியில் அவர் ஊடகங்களிடம் வைத்த கோரிக்கைதான் பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. சர்வதேசப் பதக்கம் வென்றவர்களுக்குப் பஞ்சாப் அரசு கொடுக்கும் ஓய்வூதியம் தனக்குக் கிடைக்கவில்லை, எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இதே கதைதான் என்பது அவர் குறை. பி.எஸ்.எஃப். வேலைக்கான ஓய்வூதியத்தை வைத்தே வாழ்க்கை ஓடுவதாகவும் சொன்னார். பதக்கங்களை வென்றுகொடுத்த உடம்புக்குக் கடைசிவரை சோறு போட்டது, ஆரம்பத்திலேயே அவர் வாங்கி வைத்த அந்தச் சீருடை வேலைதான்.

ஏன் இப்படி? அவருடைய பதக்கங்கள் எல்லாம் 1966-க்கும் 1974-க்கும் நடுவில் வந்தவை. ஓய்வூதியத் திட்டங்கள், கோடிக்கணக்கான பரிசுத் தொகை எல்லாமே அதற்கு ரொம்பக் காலம் கழித்து வந்தவை. மத்திய அரசு சிறந்த வீரர்களுக்கான ஓய்வூதிய நிதியைத் தொடங்கியதே 1994-ல். இன்றைக்குத் தங்கம் வென்றால் விமான நிலையத்திலேயே அறிவிப்பு வந்துவிடுகிறது. அன்றைக்கு வென்றவர்கள் வயதான பிறகு அலுவலகம் அலுவலகமாகப் படி ஏற வேண்டியிருக்கிறது.

2021 ஆகஸ்ட் 7-ம் தேதி டோக்கியோவில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் ஈட்டி எறிந்து இந்தியாவுக்குத் தடகளத்தில் முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். எறிதல் போட்டி என்றால் என்ன என்றே அன்றைக்குத்தான் பலருக்கும் தெரிந்தது. சரியாக ஆறு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 7-ம் தேதி, பிரவீன் குமார் மாரடைப்பால் காலமானார். வயது 74. மறுநாள் பெரும்பாலான செய்திகளின் தலைப்பில் இருந்தது மகாபாரத பீமன் என்ற பெயர். வட்டும் சங்கிலி குண்டும் மூன்றாவது, நாலாவது பத்தியில் வந்தன.

நம்ம ஊர் பசங்களுக்கு இதில் என்ன இருக்கு?

திண்டுக்கல், பழனி, நத்தம், வேடசந்தூர் என்று எந்த ஊர் அரசுப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் சாயங்காலத்தில் வட்டு, குண்டு எறிந்து பழகும் பசங்களைப் பார்க்கலாம். ஓட்டத்துக்குக் கூடும் கூட்டம் எறிதலுக்குக் கூடாது. வீட்டிலும் கேட்கும் முதல் கேள்வி, இதை வைத்து என்ன பண்ணப் போற என்பதுதான்.

பிரவீன் காலத்தைவிட இன்றைக்குப் பதில் கொஞ்சம் தெம்பாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல்துறை, பாதுகாப்புப் படைகளிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. நலிந்த நிலையில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மூலம் மாத ஓய்வூதியமும் வழங்கப்படுகிறது. இதற்கான தகுதி விவரங்களை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதில் முக்கியமானது சான்றிதழ். பங்கேற்ற போட்டி, பிடித்த இடம், தேதி என எல்லா ஆவணங்களையும் பத்திரமாக வைத்திருப்பது வேலைக்கும் உதவும், முதுமையிலும் உதவும். உங்கள் தெருவில் ஒரு காலத்தில் மாநிலத்துக்கோ நாட்டுக்கோ விளையாடியவர் யாராவது இருந்தால், இந்தத் திட்டங்களைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். விண்ணப்பிக்கத் தெரியாமலேயே இருப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்த முறை பீம் பாய் மீம் கண்ணில் பட்டால் தாராளமாகச் சிரிக்கலாம். கூடவே 1966, 1970 என்ற இரண்டு வருடங்களையும் சேர்த்து ஷேர் பண்ணுங்கள்.